எங்கே தங்குவது?

"தம்பி! இந்த வண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகுமா?"

அண்ணனூர் நிலையத்து நடைமேடையில், கிழக்கு வெளுக்குமுன் நம்மை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் அறுபதைக் கடந்த பெரியவர். தோளிலே துண்டு, கையிலே மஞ்சள் பை, பைக்குள்ளே ஊர் மருத்துவர் எழுதித் தந்த சீட்டுகள். பக்கத்து இருக்கையில் முந்தானையை இழுத்துப் போர்த்திச் சாய்ந்திருந்தார் அவருடைய துணைவியார்.

"போகும் ஐயா! சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்தால் ஆஸ்பத்திரிதான்" என்றோம்.

"இவ்வளவுதானா?" என்றார் பெரியவர்.

இவ்வளவுதானா! அந்த ஒரு சொல்லிலே வியப்பு இருந்தது, வேதனையும் இருந்தது. ஏன் என்று கேட்டோம். வண்டி வரும்வரை சொன்னார். ஏறிய பிறகும் சொன்னார். வில்லிவாக்கம் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

விழுப்புரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். நெல்லும் மணிலாவும் பயிரிடும் குடும்பம். அம்மையாருக்கு நெஞ்சிலே நோய். சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார் உள்ளூர் மருத்துவர். சென்னையிலே உறவு இல்லாமலா? மகளையே அண்ணனூரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார். மருமகன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே கடைசல் வேலை செய்பவர். வீடு என்பது ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, இரண்டு குழந்தைகள். 'பெண்ணைக் கொடுத்த இடத்திலே நோயாளியோடு போய் நிற்பதா?' என்று மானம் தடுத்தது. பக்கத்து வீட்டுப் பையன் செல்பேசியைத் தட்டினான். அறை கிடைத்தது. படம் அழகாக இருந்தது. வாடகை குறைவு. மேலே 'சென்னை' என்று எழுதியிருந்தது. வேறென்ன வேண்டும்?

கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது நள்ளிரவு. அறை இருந்த இடமோ பழைய மாமல்லபுரம் சாலையில், கணிப்பொறிக் கம்பெனிகள் நிறைந்த பகுதியில். அங்கே போகக் கொடுத்த ஆட்டோக் கூலி, ஒரு நாள் அறை வாடகையில் பாதி. மறுநாள் காலையில் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வழி தேடி, பேருந்து மாறி, இடம் தவறி, போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. புறநோயாளிச் சீட்டு காலையிலே கொடுப்பது என்பது நகரத்தாருக்குத் தெரியும். அவருக்கு யார் சொன்னார்? 'நாளைக் காலையில் வாருங்கள்' என்றார்கள். மறுநாளும் அதே தூரம், அதே தாமதம். இரண்டு நாள் வாடகை போயிற்று. உழவுக்கென்று வைத்திருந்த காசும் கரைந்தது. மூன்றாம் நாள் மாலை, தொலைபேசியில் தாயின் குரல் தளர்ந்திருப்பதைக் கேட்ட மகள், அழுதுகொண்டே ஓடிவந்து இருவரையும் அண்ணனூருக்கு அழைத்து வந்துவிட்டாள்.

அந்த மகள் வீட்டுக்கு அருகேயுள்ள நிலையத்தில் ஏறினால், ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசல். பயணச்சீட்டு பத்து ரூபாய்க்கு மேல் போகாது. 'இவ்வளவுதானா?' என்று அவர் கேட்டதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

படிப்பறிவில்லாதவர், ஏமாந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு நகரலாமா? கூடாது தோழர்களே! அவர் வாடகையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ஊர்ப் பெயரைப் பார்த்தார். படித்தவர்களும் பார்ப்பது இந்த மூன்றைத்தானே! பார்க்க வேண்டிய நான்காவது ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசவேண்டும்.

வாசல் மாறிய ஊர்

நாம் நின்றுகொண்டிருந்த இருப்புப் பாதையிலிருந்தே தொடங்குவோம். தென்னாட்டின் முதல் பயணி வண்டி 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. அது ஓடியது நம்முடைய ஆவடி வழித்தடத்திலேதான். அன்றைக்குச் சென்னையின் வாசல் இராயபுரம். 1873இல் சென்ட்ரல் நிலையம் வந்தது. வாசல் அங்கே பெயர்ந்தது. 1908இல் எழும்பூர் நிலையம் எழுந்தது; தெற்கே இருந்து வருவோருக்கு அது வாசலாயிற்று.

வாசல் எங்கேயோ, விடுதியும் அங்கே! சென்ட்ரலுக்கு எதிரே சவலை இராமசாமி முதலியார் சத்திரம் கட்டினார். பெரியமேட்டிலும் பார்க் டவுனிலும் லாட்ஜுகள் முளைத்தன. எழும்பூர் நிலையத்துக்கு எதிரே கென்னட் சந்து முழுதும் விடுதிப் பலகைகள் தொங்கின. 'எழும்பூரில் இறங்கு; எதிரே போ; அறை எடு; வேலையை முடித்துக்கொண்டு அன்றிரவே வண்டி ஏறு!' இதுதான் தாத்தா சொன்ன அறிவுரை. அன்றைக்கு அது பொன்னான அறிவுரை! ஏனென்றால் வாசல் ஊரின் நடுவிலே இருந்தது. ஊரும் கைக்கடக்கமாக இருந்தது. கோட்டையும் கோர்ட்டும் ஆஸ்பத்திரியும் கடைத்தெருவும் கூப்பிடு தூரம்.

பிறகு பேருந்தின் காலம். பிராட்வேயிலே இருந்த வெளியூர்ப் பேருந்து நிலையம் 2002இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. அரும்பாக்கத்திலும் வடபழனியிலும் லாட்ஜுகள் பெருகின. 2018இல் ஆந்திரப் பக்கத்துப் பேருந்துகளுக்கென்று மாதவரத்தில் ஒரு முனையம் திறந்தார்கள். 2023 டிசம்பர் 30ஆம் நாள் வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. நகருக்குள்ளே நெரிசல் குறைய வேண்டுமானால் வாசல் வெளியே போகத்தான் வேண்டும்; அதிலே குறை காண்பதற்கில்லை. ஆனால், தோழர்களே, வாசல் முப்பது கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது. தாத்தாவின் அறிவுரை மட்டும் நகரவில்லை! 'இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலே அறை எடு' என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெரியவர் எடுத்த அறை அப்படித்தான் வந்தது. கிளாம்பாக்கத்துக்கு அது பக்கம் என்றானாம் பையன். கிளாம்பாக்கத்துக்குப் பக்கம், ஆஸ்பத்திரிக்கு?

இது சென்னையின் கதை மட்டுமன்று. பெங்களூருக்குப் போனால் மெஜஸ்டிக், தில்லிக்குப் போனால் பகாட்கஞ்ச் என்று, ஒவ்வொரு பெருநகரிலும் நிலைய வாசலில் ஒரு விடுதித் தெரு இருக்கத்தான் செய்கிறது. அங்கே அறை கிடைக்கும். ஆனால் போன காரியம் அங்கேதான் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டியவர் போகிறவர்.

கோவலன் செய்த சரியும் பிழையும்

பெருநகருக்கு முதல் முறை போனவர்களின் கதை நமக்குப் புதிதா? சிலப்பதிகாரம் என்ன சொல்கிறது? புகாரிலிருந்து நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்கு வந்து சேர்ந்ததும், கோட்டைக்குள்ளே பாய்ந்து நுழையவில்லை. மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில் தங்கினார்கள். கண்ணகியை அடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் மட்டும் உள்ளே போனான், தெருக்களைப் பார்த்தான், கடைவீதிகளைப் பார்த்தான், திரும்பி வந்தான். அதற்குப் பிறகுதான் ஆயர்குல மாதரி என்னும் நல்லாளிடம் கண்ணகி அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டாள். ஏழை வீடு, ஆனால் நம்பகமான வீடு! பாலும் மோரும் விற்கும் வீடு. ஆனால் பாதுகாப்பான வீடு!

எவ்வளவு தெளிவான ஏற்பாடு! முதலில் தங்குமிடம், அடுத்து ஊரைத் தெரிந்துகொள்வது, பிறகுதான் காரியம். இதிலே கோவலன் செய்த பிழை என்ன? இடத்தைத் தேர்ந்ததிலே பிழையில்லை. தெருவிலே எதிர்ப்பட்ட பொற்கொல்லனை, யார் எவர் என்று அறியாமலே நம்பிச் சிலம்பைக் காட்டினானே, அங்கேதான் பிழை! இன்றைக்கும் நிலைய வாசலிலே 'அறை வேண்டுமா சார்? நல்ல அறை, குறைந்த வாடகை!' என்று பையைப் பிடித்து இழுக்கிறானே தரகன், அவனைப் பார்க்கும்போது கோவலனை நினைத்துக்கொள்ளுங்கள். தரகனுக்கு விடுதிக்காரர் கொடுக்கும் கூலி, உங்கள் வாடகையிலிருந்துதான் வந்தாகவேண்டும். செல்பேசியும் ஒரு தரகன்தான். அது கையைப் பிடித்து இழுப்பதில்லை, கண்ணைப் பிடித்து இழுக்கிறது.

வேலை எங்கே, அறை அங்கே

சரி, அந்த நான்காவது என்ன? அறைக்கும் காரியத்துக்கும் இடையே உள்ள வழி! வாடகையைப் பார்ப்பதற்கு முன்னே வழியைப் பாருங்கள். எந்த நிலையத்தில் ஏறவேண்டும், எங்கே இறங்கவேண்டும், எத்தனை முறை மாறவேண்டும், எத்தனை மணிக்குப் புறப்படவேண்டும் என்று காகிதத்திலே எழுதுங்கள். எழுதினால் உண்மை தெரிந்துவிடும்.

பெரிய ஆஸ்பத்திரி என்று நாம் அழைக்கும் இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கா? பெரியமேடு, பார்க் டவுன், எழும்பூர் ஆகிய மூன்றும் நடை தூரமோ ஒரு நிலையத் தூரமோதான். கிளாம்பாக்கத்தில் இறங்கினாலும் கவலையில்லை. வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்க் கடற்கரை செல்லும் மின்சார வண்டியில் ஏறி, பார்க் நிலையத்தில் இறங்கினால், எதிரே ஆஸ்பத்திரிச் சுவர். வழியிலே வண்டி மாறவேண்டிய வேலையே இல்லை.

குழந்தைக்கு நோயா? எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை. தங்குவதும் எழும்பூரிலே இருக்கட்டும். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கா? வாசலருகே அதன் பெயராலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. மெட்ரோ வழியிலே எங்கே அறை கிடைத்தாலும் சரி. ஸ்டான்லி என்றால் வண்ணாரப்பேட்டைப் பக்கம். 1954இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிலையம் அடையாற்றிலே. 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை கிண்டியிலே. 'சென்னை ஆஸ்பத்திரி' என்று ஒன்று கிடையாது தோழர்களே. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுவிட்டுத்தான் எந்தப் பகுதி என்று சொல்லவேண்டும்.

கோட்டையிலே மனு கொடுக்கவோ, உயர்நீதிமன்றத்து வழக்குக்கோ வருகிறவர், பாரிமுனையையும் மண்ணடியையும் பார்க்கலாம்; எழும்பூரும் எட்டாத தூரமில்லை. தேர்வு எழுதவும் வேலை தேடவும் வந்து மாதக் கணக்கில் தங்கவேண்டிய இளைஞருக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருக்கின்றன. ஊரைவிட்டு வந்த எத்தனையோ குமாஸ்தாக்களுக்கும் மாணவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் அவைதாம் இரண்டாவது தாய்வீடு. அறை சிறிது; காற்று குறைவு; ஆனால் கீழே இறங்கினால் மெஸ், சிறிது நடந்தால் கடற்கரை.

இனி, நம் பகுதிக்கு வருவோம். ஆவடியில் 1961இல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலோ, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ வேலைக்கு நேர்காணல் என்று ஒருவருக்குக் கடிதம் வருகிறது. அவர் எழும்பூரிலே அறை எடுத்து, எதிர்த்திசையிலே பயணம் செய்யவேண்டுமா? அம்பத்தூரிலேயே ஆவடியிலேயே தங்கட்டுமே! கோவையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வருகிறவர் சென்ட்ரல் வரை போய்த் திரும்பவேண்டுமென்பதும் இல்லை. பெரம்பூரில் நிற்கும் வண்டிகள் பல உண்டு. இறங்கி மின்சார வண்டியிலே ஏறினால் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அடுத்தது அண்ணனூர்!

பெருநகரத்திலே பகுதி என்பது தெருப் பெயரன்று; இருப்புப் பாதையின் பெயர். ஒரே பாதையில் இருப்பவை, இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் பக்கம். பாதை மாறுகிறவை, ஐந்து கிலோமீட்டரே ஆனாலும் தூரம். இந்த ஓர் உண்மையை அந்தப் பெரியவருக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், அம்மையார் இரண்டு நாள் அலைந்திருக்கமாட்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொலைவிலே ஓர் அறை; வாடகை 300 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். நோயாளியோடு போகவும் வரவும் ஆட்டோவுக்கு 500 ரூபாய் என்றால், மிச்சம் பிடித்தது யார்? மிச்சமா அது? மிச்சமென்று பெயர் சூட்டிக்கொண்ட நட்டம்!

மேசைக்கு முன்னே நின்று

வழி சரி, விடுதியும் கண்டாயிற்று. மேசைக்கு முன்னே நிற்கும்போது கூச்சம் வேண்டாம். பணம் கொடுப்பவர் நீங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று: வாடகை இருபத்துநான்கு மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டு மணிக் கணக்கா? விடியற்காலையில் அறை எடுத்தவரை நண்பகலிலே 'இன்னொரு நாள் வாடகை' என்று கேட்கும் வழக்கம் உண்டு. முன்பே கேட்டால் சண்டை இல்லை.

இரண்டு: சொன்ன வாடகையிலே வரி சேர்ந்திருக்கிறதா? நாளொன்றுக்கு 1000 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஒரு காலத்தில் சரக்கு சேவை வரி இல்லை. 2022 ஜூலை 18ஆம் நாள் முதல் அதற்கும் 12 விழுக்காடு போட்டார்கள். மூன்றாண்டுக்கு மேல் ஏழையின் தலையணைக்கும் வரி வாங்கிய பிறகு, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைத்தார்கள். குறைத்ததற்குப் பாராட்டா? இல்லாத இடத்தில் வரியைக் கொண்டுவந்தவர்கள், அதை முழுதும் எடுக்காமல் பாதியை விட்டுவைத்ததற்கு மாலை போட வேண்டியதில்லை!

மூன்று: பணம் கட்டுமுன் அறையைக் காட்டுவீர்களா? தண்ணீர் வருகிறதா, கதவு உள்ளே தாழிடுகிறதா, நோயாளி மாடி ஏறவேண்டுமா, மின்தூக்கி ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். படத்திலே தாழ்ப்பாள் தெரியாது.

நான்கு: கட்டிய பணத்துக்கும் முன்பணத்துக்கும் சீட்டு உண்டா? ஆதாரோ வேறு அடையாள அட்டையோ கேட்பார்கள், காட்டுங்கள். அட்டையையே வாங்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள்.

புகைவண்டியில் வருகிறவர் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். சென்ட்ரலிலும் எழும்பூரிலும் நிலையத்துக்குள்ளேயே ஓய்வறைகள் உண்டு. பயணச்சீட்டு எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யலாம். ஒரே நாள் காரியத்துக்கு அது போதும்.

அன்று கேட்ட கேள்வி

இன்று நாம் விடுதிக்காரரிடம் நான்கு கேள்வி கேட்கலாம் என்கிறோம். ஒரு காலத்திலே, தோழர்களே, விடுதிக்காரன் நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். 'நீ என்ன சாதி?'

1904இல் காசிக்குப் போன இளைஞர் ஈ.வெ. இராமசாமி, பசியோடு சத்திரத்து வாசலில் நின்றார். பார்ப்பனர்க்கு மட்டுமே உணவு என்று வெளியே தள்ளினார்கள். அந்தச் சத்திரத்தைக் கட்டிக் கொடுத்தவரோ பார்ப்பனரல்லாத தமிழ்நாட்டு வணிகர்! கட்டியவன் கையிலே காசு. கட்டியவன் இனத்தான் வயிற்றிலே பசி! அந்த வாசலிலே பட்ட காயத்தைப் பெரியார் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

1917. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா அரசின் பணிக்குப் போனார். எந்த விடுதி இடம் கொடுக்கும்? பார்சிகளின் விடுதி ஒன்றிலே, பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள், தடிகளோடு வந்து நின்றார்கள் பத்துப் பன்னிரண்டு பேர். வெளியேறினார் அந்தப் பேரறிஞர். ஊர் முழுதும் இடம் கிடைக்காமல், பூங்காவிலே உட்கார்ந்திருந்து பம்பாய்க்கு வண்டி ஏறினார். பெருநகரில் எந்தப் பகுதியிலே தங்குவது என்பது அவருக்கு வாடகைக் கணக்கா? மானக் கணக்கு!

கடல் கடந்தும் இதே கொடுமைதான். அமெரிக்காவிலே கறுப்பின மக்களுக்கு எந்த ஊரில் எந்த விடுதி இடம் கொடுக்கும் என்று பட்டியல் போட்டு, 1936 முதல் ஒரு கையேடே வெளியிட்டு வந்தார் விக்டர் கிரீன் என்ற தபால்காரர். 1964இல் குடியுரிமைச் சட்டம் வந்து, விடுதிக் கதவுகள் சட்டப்படி திறந்த பிறகு அந்தக் கையேட்டின் தேவை குறைந்து, சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. ஒரு புத்தகம் தேவையற்றுப் போனதே வெற்றியாகிவிட்ட விந்தையைப் பாருங்கள்!

இங்கே? புகைவண்டி நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த பிரிவினை 1941இல் ஒழிந்தது. திருவல்லிக்கேணியிலே ஒரு காப்பிக் கடையின் பலகையில் இருந்த சாதிச் சொல்லை அழிக்க, 1957இல் பெரியார் தொடங்கிய மறியல் மாதக் கணக்கிலே நடந்தது. நாள்தோறும் தோழர்கள் போனார்கள், நாள்தோறும் கைதானார்கள், பலகை இறுதியிலே மாறிற்று. எந்தத் திருவல்லிக்கேணி? இன்றைக்கு நம் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அறை கேட்கிறார்களே, அதே திருவல்லிக்கேணி!

அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மதத்தையோ சாதியையோ பாலினத்தையோ பிறந்த இடத்தையோ காட்டி ஒருவரை விடுதிக்குள்ளே விடாமல் தடுப்பதை விலக்குகிறது. தீண்டாமையின் பெயரால் அப்படித் தடுப்பதை 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் தண்டனைக்குரியதாக்கிற்று. அதுவே 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. ஆகவே, பெயரைக் கேட்டதும் 'அறை இல்லை' என்று ஒருவன் முகத்தைத் திருப்பினால், தலை குனிய வேண்டியவர் நீங்களல்லர், அவன்! அமைதியாக நில்லுங்கள், காரணத்தைக் கேளுங்கள், காவல் நிலையத்திலே எழுதிக் கொடுங்கள். தனியே வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கத் தயங்குகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

நம் கடமை

அறைக்கே வழியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஆஸ்பத்திரி வாசலிலே துண்டை விரித்துப் படுக்கும் கூட்டத்தை நாம் பார்க்காதவர்களா? நகரத்திலே ஒரு இலட்சம் பேருக்கு, நூறு பேராவது தங்கும் ஒரு காப்பகம் வேண்டும் என்பது நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த நெறி. 2011 கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாவட்டத்தில் மட்டும் 46 இலட்சத்துக்கு மேல் மக்கள். 46 காப்பகம், 4600 பேருக்கு இடம் என்பது குறைந்த அளவுக் கணக்கு. மாநகராட்சி இரவுக் காப்பகங்கள் நடத்துகிறது. நோயாளியோடு துணைக்கு வருகிறவர்களுக்கென்றே அரசு மருத்துவமனைகளை ஒட்டியும் சில இருக்கின்றன. ஆனால் விழுப்புரத்துக்குத் தெற்கே இருக்கும் சிற்றூரிலே அதை யார் அறிவார்? கட்டிய அரசுக்குக் கடமை கட்டியதோடு முடியாது. கிளாம்பாக்கத்திலும் சென்ட்ரலிலும் கண்ணிலே படும்படி பலகை வைத்துச் சொல்லவேண்டும். சென்னை மாநகராட்சியின் 1913 என்ற எண்ணை அழைத்தும் கேட்கலாம் என்பதையாவது நாம் சொல்லலாமல்லவா?

அரசு செய்யட்டும் என்று நாம் சும்மா இருப்பதா? ஊருக்கு ஊர் படிப்பகம் வைத்து ஏடு படித்துக் காட்டி வளர்ந்தவர்கள் நாம். படிப்பகத்துச் சுவரிலே ஒரு தாளை ஒட்டினால் என்ன? எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த நிலையம், எந்தக் கச்சேரிக்கு எந்தப் பேருந்து, எத்தனை மணிக்குச் சீட்டு கொடுப்பார்கள், காப்பகம் எங்கே இருக்கிறது என்ற நான்கு வரி போதும். அண்ணனூர்த் தோழர்கள் அதை எழுதி, தங்கள் சொந்த ஊர்த் தோழர்களுக்கு அனுப்பினால் என்ன? நம் பகுதியிலே குடியிருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு வேர் வேறு மாவட்டத்திலேதான் இருக்கிறது. அந்த வேரிலிருந்து ஒருவர் புறப்படும்போது, அவர் கையிலே அந்தத் தாள் இருக்கவேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஓர் அறை வீடு என்று வெட்கப்பட்டாரே அந்தப் பெரியவர், மாதரியின் வீடு எத்தனை அறை? மானம் என்பது மகள் வீட்டு வாசலிலே நிற்கத் தயங்குவதிலே இல்லை. மருமகன் இரவுப் பணிக்குப் போய்விட்டாராம். தன் பாயை மாமியாருக்கு விரித்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவல்லவோ மானம்!

சென்ட்ரல் வந்தது. மூவரும் இறங்கினோம். அம்மையாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு சுரங்கப்பாதை வழியே எதிர்ப்புறம் ஏறினோம். சீட்டுக் கொடுக்கும் இடத்திலே வரிசை அப்போதுதான் நீளத் தொடங்கியிருந்தது. பெரியவர் நின்ற இடம், முன்னாலிருந்து எண்ணினால் பன்னிரண்டு பேருக்குப் பின்னே.

மஞ்சள் பையிலிருந்து சீட்டுகளை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "நேரத்துக்கு வந்துட்டோம் தம்பி" என்றார்.

நேரத்துக்கு வந்துவிட்டார். முதல் நாளே வந்திருக்கவேண்டும். அடுத்தவராவது முதல் நாளே வரட்டும் தோழர்களே! படிப்பகத்துச் சுவரிலே அந்தத் தாளை இன்றைக்கே ஒட்டுங்கள்.